ஆள்காட்டிக்கு நேரான கட்டம்

அந்தத் தாளில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு படம். அதற்கு நேராக முப்பத்தொரு கட்டங்கள். காலையில் ஏரிக்கரையில் நடக்கும்போது எந்தப் பறவை எத்தனை கண்ணில் பட்டது என்று அன்றைய தேதிக்கான கட்டத்தில் எழுத வேண்டும். மாதம் ஒரு தாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த அளவு எழுத்துப் போதும் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன்.

ஒத்துக்கொண்டேன் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு வாயைத் திறந்து எதுவும் சொல்லியிருக்க மாட்டேன், தலையை ஆட்டியிருப்பேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. கடையில் நாலு பேர் நின்றால் அவர்கள் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஓரமாக நிற்பேன். கடைக்காரரே பார்த்து, உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டால்தான் உண்டு.

தாளைக் கொடுத்தது மூன்றாவது மாடிப் பெண். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், எங்கள் ஏரியை ஒட்டி எழுந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன், சருகு பெருக்குகிறேன். அவள் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் விடிந்ததும் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கரைக்குப் போய்விடுவாள். பறவைகளை எண்ணி எங்கேயோ அனுப்புவாள். பிறகு எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். காலையில் கம்பெனி வண்டி சீக்கிரமே வந்துவிடும். சனி, ஞாயிறு மட்டும்தான் அவளால் நடக்க முடிந்தது. நான் தினமும் மகள் வீட்டிலிருந்து கரை வழியாகவே வேலைக்கு வருகிறேன் என்பதைப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்னை மேலே கூப்பிட்டு, சமையலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்தாள்.

எங்கிருந்து எங்கே நடக்க வேண்டும் என்று தாளின் பின்புறம் படம் போட்டே காட்டினாள். பிள்ளையார் கோயிலில் தொடங்கி, குடியிருப்பைத் தாண்டி, மதகு வரைக்கும். மதகைத் தாண்டி மேற்கே, அவளே இதுவரை போயிராத மேட்டுத் தரையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

பிறகு போனை எடுத்தாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குரலை வைத்து அடையாளம் சொல்லலாம் என்று ஒவ்வொரு பறவையின் சத்தத்தையும் போட்டுக் காட்டினாள். நாமக்கோழி, கானாங்கோழி, மீன்கொத்தி. நாமக்கோழி என்றால் கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாகத் தண்ணீரில் கூட்டமாக மிதக்கும். எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான், பெயர்தான் சிலதற்குத் தெரியாது. பதினொன்றாவதாக ஒன்றைப் போட்டாள். போட்டதும் நான் எழுந்துவிட்டேன். எழுந்தது மட்டுமில்லை, கை அடுப்புப் பக்கம் போய்விட்டது. அவளுடைய அடுப்பு, அவளுடைய சட்டி. என் கை அதன் மூடியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அவள் என்னைப் பார்த்து, "டீ போடட்டுங்களாம்மா?" என்றாள்.

மூடியை விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். அந்தப் பறவை ஆள்காட்டி.

ஆள்காட்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். புறா அளவு இருக்கும், கால் மட்டும் உயரம், மஞ்சள் நிறம். கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை மடிப்பு. மரத்தில் உட்காராது. திறந்த தரையில்தான் நடக்கும், தரையில்தான் முட்டை வைக்கும். ஆள் யாராவது அந்தத் தரையில் கால் வைத்தால் போதும், எழும்பிப் பறந்து ஊரைக் கூட்டிவிடும். அதனால்தான் அந்தப் பெயர்.

கல்யாணம் ஆகி நான் வந்த வீடு அந்த மேட்டுத் தரையின் ஓரத்தில் இருந்தது. வரிசையாக ஆறு வீடுகள், ஓடு போட்டவை, எல்லாம் வாடகைக்கு விட்டவை. அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து, சைக்கிளில் ஏரிக்கரை வரை வந்து, மதகுக்குப் பக்கத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டைக் கடந்து வருவார். தரை முழுக்கக் கல்லும் முள்ளுமாகக் கிடக்கும், ஏறி மிதித்தால் டியூப் போய்விடும். அப்படி அவர் காலை வைக்கும்போது ஆள்காட்டி கத்தும். மணி மூன்று என்று அர்த்தம். நான் குழம்பை அடுப்பில் ஏற்றுவேன். ஆறிய சோறு அவருக்குப் பிடிக்காது. அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, கால் கழுவி உள்ளே வருவதற்குள் தட்டில் ஆவி பறக்கும்.

மற்ற வீட்டுப் பெண்கள் அந்த நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பார்கள். நான் நிற்கமாட்டேன். புருஷன் வருகிறானா என்று வழி பார்த்து நிற்பதை நாலு பேர் பார்ப்பார்களே என்று வெட்கம். பறவை இருந்ததால் நிற்க வேண்டிய அவசியமும் வரவில்லை. அவருக்கு இது பல மாதம் புரியவே இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"எப்டி கரீக்டா சூடா கீது? ஜன்னல்லயே கண்ண வெச்சிகினு கீறியா இன்னா?"

நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஜன்னல் இல்லை, பறவைதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா என்று கேட்பார். இரண்டுமே வெட்கம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அதற்குப் பிறகு அவர் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே வருகிறார் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். நான் ஜன்னலில் இருந்ததே இல்லை. அது அவருக்குத் தெரியாது.

ஒரு கோடையில் ஆள்காட்டி அவர் நடக்கும் தடத்திலேயே நான்கு முட்டை வைத்துவிட்டது. கூடு என்று ஒன்றும் கட்டாது. கூழாங்கல் நடுவே கூழாங்கல் நிறத்தில் முட்டை, புள்ளி புள்ளியாக. தெரியாதவர்கள் மிதித்துவிடுவார்கள். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அவர் மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். அந்த நாட்களில் கத்தல் கேட்காது, சோறு கொஞ்சம் ஆறித்தான் இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்த வீட்டைக் காலி செய்து மகள் வீட்டோடு கரைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு நான் மதகைத் தாண்டிப் போனதில்லை.

தாளை வாங்கிக்கொண்டு வந்த மறுநாளே எண்ணத் தொடங்கினேன். மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாமா, இந்த வயசுல பரிச்ச எய்துறியா? பாஸானா சொல்லு, சாக்லேட் வாங்கித் தர்றேன்" என்றாள். மருமகன், அத்தையைக் கிண்டல் பண்ணாதே என்று அவளை அதட்டிவிட்டு, தானும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

எண்ணுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். கொக்கை எண்ணிக்கொண்டே போனால் பின்னால் எண்ணிய கொக்கு பறந்து முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அது அதுதானா, வேறு ஒன்றா, யாரைக் கேட்பது? நாமக்கோழிகள் கூட்டமாக வந்தால் கணக்குக் குழம்பிவிடும். கடைசியில் காய்கறிக்காரி செய்கிற மாதிரி செய்தேன். பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்துக்கொண்டு, இது ஒரு கூறு, அது ஒரு கூறு என்று கண்ணாலேயே கூறு கட்டினேன். இதைச் சொன்னபோது மூன்றாவது மாடிப் பெண் சந்தோஷப்பட்டாள். பெரிய படிப்புப் படித்தவர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்களாம்.

இன்னொன்று எனக்கு உறுத்தியது. சித்திரை வந்தபோது தாளில் கொக்கு கூடிக்கொண்டே போனது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏரி செழிப்பாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்தக் கொக்குகள் ஏரிக்கு வரவில்லை. கரையின் வடக்கு மூலையில் கொட்டுகிற குப்பைக்கு வந்தன, குப்பையில் நெளிகிற புழுவுக்கு. ஏரியில் ஆகாயத்தாமரை மூடி, தண்ணீர் தெரியும் இடமே குறைந்திருந்தது. கட்டத்தில் இருபது, இருபத்தைந்து என்று எழுதும்போது பொய் எழுதுகிற மாதிரி இருந்தது. பொய் இல்லை, எண்ணியதைத்தான் எழுதினேன். ஆனாலும் அப்படி இருந்தது.

சில பறவைகள் சில நாள் கண்ணில் படாது. அந்த நாளில் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிடுவேன். இது ஏன் என்று சொல்ல வேண்டும்.

என் மாமியார் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வீட்டில் அரிசி தீர்ந்தாலும், மஞ்சள் தீர்ந்தாலும், விளக்குக்கு எண்ணெய் தீர்ந்தாலும் இல்லை என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. அரிசி வாங்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பானையைக் கவிழ்த்து வைக்கக்கூடாது, ஒரு பிடியாவது உள்ளே கிடக்க வேண்டும். நான் வந்த புதிதில், பானையில் அரிசி இல்லை என்று சொல்லிவிட்டு வாங்கிய திட்டு இன்னும் நினைவிருக்கிறது. அது உடம்பில் ஊறிவிட்டது. என் வீட்டுக்காரரைத் தேடி யாராவது வந்தாலும் இல்லை என்று சொன்னதில்லை. வருவார் என்றுதான் சொல்வேன். அவர் போன பிறகு, விஷயம் தெரியாத ஒரு மீட்டர் ரீடிங்காரர் வந்து கேட்டபோதும் வருவார் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒரு உயிருக்கு நேராக எப்படிச் சைபர் போடுவது? இன்றைக்கு வராதது நாளைக்கு வரட்டும் என்று கட்டத்தைக் காலியாக வைத்தேன். மீன்கொத்திக்கு அங்கங்கே காலி. கானாங்கோழிக்குக் கொஞ்சம். ஆள்காட்டிக்கு நேராக முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை எல்லாமே காலி. மாதக் கடைசியில் தாளை மடித்து மூன்றாவது மாடியில் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிடுவேன். நேரில் கொடுக்க வெட்கம்.

இப்படி எட்டுத் தாள் ஆகிவிட்டது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எட்டுத் தாள்களையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். நான் மாடிப்படிக்குக் கீழே துடைப்பத்தைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் படியில் உட்கார்ந்து போனில் ஒரு படத்தைக் காட்டினாள். உலக வரைபடம். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எங்கள் ஊருக்கு வந்தாள். எங்கெல்லாம் எண்ணியிருக்கிறார்களோ அங்கெல்லாம் நிறம் இருந்தது. போரூர்ப் பக்கம் இருந்தது, ஆவடிப் பக்கம் இருந்தது. எங்கள் ஏரி இருக்கும் இடத்தில் ஒரு பாதிக்குத்தான் நிறம். மதகுக்கு மேற்கே வெறும் சாம்பல், யாரும் எண்ணாத இடம்.

உலகம் பூராவும் என்னென்ன உயிர் குறைந்து போகிறது, எங்கே தண்ணீரும் மண்ணும் கெட்டுவிடும் ஆபத்தில் இருக்கின்றன என்று இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள் என்றாள். ஆனால் அதை அளப்பது சாமானியமாக இல்லையாம். உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் வைக்கலாம், மழை பெய்தால் மழைமானி இருக்கிறது. ஏரிக்கு அப்படி ஒரே கருவியாக எதுவும் கிடையாது. ஒரு உயிர் போனால் ஒன்றுமே ஆகாதது போல இருக்கும். இன்னொன்று போனால் அதைப் பிடித்துக்கொண்டு நாலு போகும். எது எதுவென்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. தெரிந்த இடங்களைக் கூட்டலாம், தெரியாத இடத்தை எதைச் சொல்லிக் கூட்டுவது என்றாள்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வீடு ஞாபகம் வந்தது. அவர் போன மாதமும் ரேஷனில் அரிசி போட்டார்கள், குழாயில் தண்ணீர் வந்தது, கூரை விழவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வீட்டில் ஒன்றும் குறைந்திருக்காது. மூன்று மணிக்கு அடுப்பை மூட்டாமல் விட்டேன், அவ்வளவுதான். அதை யார் எந்தத் தாளில் எழுதுவது?

அவள் என் தாளைக் காட்டி, "இந்தக் காலிக் கட்டமெல்லாம் என்னங்கம்மா? போகலீங்களா, போய்ப் பாத்து எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டாள்.

போனேன், தென்படவில்லை என்று மெதுவாகச் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"சைபர் போட்டா, ஒருத்தர் அங்க போய் நின்னு பாத்தாங்கன்னு அர்த்தமுங்கம்மா. காலியா விட்டா யாருமே போகலைன்னுதான் எடுத்துக்குவாங்க. நீங்க எட்டு மாசம் நடந்தது நடக்காத மாதிரியே ஆயிடுமுங்க."

எனக்கு இது அதுவரை தோன்றவே இல்லை. இல்லை என்று எழுதுவதுதான் கெட்டது என்று நினைத்திருந்தேன். எழுதாமல் விட்டதால் அந்தப் பறவைகளும் இல்லாமல் போய், அவற்றைத் தேடி நடந்த நானும் இல்லாமல் போயிருக்கிறேன்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். எந்தெந்த நாள் நான் போனேன், எந்தெந்த நாள் போகவில்லை என்று யோசித்து யோசித்துப் பிரித்தோம். மகளுக்குக் காய்ச்சல் வந்த நாலு நாள் போகவில்லை, அதைக் காலியாகவே விட வேண்டும். மாங்காட்டம்மனைப் பார்க்கப் போன வெள்ளிக்கிழமை போகவில்லை. பெருமழை பெய்த இரண்டு நாள் போகவில்லை. மற்ற நாளெல்லாம் போனேன். மீன்கொத்திக்குச் சைபர், கானாங்கோழிக்குச் சைபர். முதல் சைபர் போடும்போது கை கூசியது. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பதினொன்றாவது வரிசைக்கு வந்ததும் பேனா நின்றது.

"இதுக்கும் சைபர்தானுங்களே? எட்டு மாசமும் ஒண்ணுகூடக் காணோம்" என்றாள்.

பேனா முனையை முதல் கட்டத்தில் வைத்தேன். எழுதிவிட்டிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். வரைபடத்தில் சாம்பல் போய் ஒரு நிறம் வந்திருக்கும்.

"அந்தப் பக்கம் நான் போவவே இல்ல பாப்பா" என்றேன். "மதகு வரைக்கும் போவேன், திரும்பிருவேன்."

ஏன் என்று கேட்டாள். துடைப்பத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்க்காத வரைக்கும் அது அங்கே நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு மாதமாக, அதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கு மேலாக, நான் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தேன். இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமியார் பானையில் விட்டுவைக்கச் சொன்ன அந்த ஒரு பிடி மாதிரி என்று இப்போது எழுதத் தெரிகிறது.

அவள் வேறு விதமாகக் கேட்டாள். முன்னே அங்கே ஆள்காட்டி இருந்ததா, எத்தனை இருந்தன என்று. இப்போது குறைந்திருக்கிறதா என்று சொல்வதற்கு முன்னே எவ்வளவு என்று தெரிந்தால்தானே முடியும். அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. மேட்டுத் தரையைப் பற்றி அவளிடம் ஒரு வரி கூடக் கிடையாது.

"எண்ணலியே பாப்பா. இருக்கும்போது யாரு எண்ணுவா? தெனம் மூணு மணிக்கு ஒரு வாட்டி கத்தும். அது மட்டும் தெரியும்."

"அதென்னங்க சரியா மூணு மணி?"

"எங்கூட்டுக்காரு வர்ற நேரம்."

சொல்லிவிட்டேன். எத்தனையோ வருஷமாக அவரிடமே சொல்லாதது, முன்பின் தெரியாத ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் மாடிப்படியில் வந்துவிட்டது. முகம் சூடாகிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள். முன்பு: வேலை நாட்களில் தினமும் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணி. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். அந்தப் பறவைக்கும் அவருக்கும் சேர்த்து அந்த ஒரு வரிதான் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பதினொன்றாவது வரிசையை அவள் காலியாகவே அனுப்பினாள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றுதான் இருக்க வேண்டும் என்றாள். இனிமேல் போக முடியுமா என்று மட்டும் கேட்டாள். கட்டாயம் இல்லை, உங்கள் இஷ்டம் என்றாள்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள், வேலை முடிந்து மதியம் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில், வீட்டுப் பக்கம் திரும்பாமல் மதகுப் பக்கம் நடந்தேன். போகும்போது நல்ல புடவையாகக் கட்டியிருக்கலாமே என்று தோன்றியது. என்ன நினைப்பு இது என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

மதகில் நின்று பார்த்தேன். எங்கள் ஆறு வீடும் போயிருக்கும் என்று தெரியும், மகள் சொல்லியிருந்தாள். தரையையே அடையாளம் தெரியாது என்று நினைக்கவில்லை. மேடு மேடாக இல்லை. செம்மண் கொட்டிச் சமமாக்கி, மனைகளாகப் பிரித்து, மூலைக்கு மூலை மஞ்சள் கல் நட்டிருந்தார்கள். நடுவில் தார்ச்சாலை, இரண்டு பக்கமும் கலர்க் கொடி. கூழாங்கல் ஒன்றுகூட இல்லை. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த தடம் எந்த மனைக்கு நடுவே போகிறது என்று கண்ணால் போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை. பனைமரம் ஒன்று இருந்தது. அதை வைத்துக் கொஞ்சம் நிதானித்தேன்.

காவலுக்கு ஒருவர், குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு குறைவு.

"இன்னாமா, பிளாட்டு பாக்க வந்தியா? கார்னர் மனை ஒண்ணு கீது, உனுக்காக எட்து வைக்கட்டா?"

வேறு நேரமாக இருந்தால் திரும்பிப் போயிருப்பேன். அன்றைக்குப் போகவில்லை. பறவை பார்க்க வந்தேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காக்காதான் கீது, இஷ்டத்துக்குப் பார்த்துக்கோ என்றார்.

ஒரு இடத்தில் பத்து நிமிஷமாவது நின்று பார்க்க வேண்டும் என்று மூன்றாவது மாடிப் பெண் சொல்லியிருந்தாள். போனில் மணி வைத்துக்கொண்டு பனைமரத்து நிழலில் நின்றேன். மைனா இரண்டு வந்தன. கரிச்சான் ஒன்று கம்பியில் வாலாட்டியது. மடையான் ஒன்று பள்ளத்தில் தேங்கிய மழைத் தண்ணீரில் அசையாமல் நின்றது. எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டேன். காதைத்தான் அதிகம் கொடுத்தேன். தூரத்தில் ஏதோ கட்டடத்தில் இரும்பு அறுக்கிற சத்தம். அது நின்றபோது ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. மணி மூன்றாயிற்று, மூன்று தாண்டிற்று.

போன் அடித்தது. இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து, பனைமரத்தின் மேல் வைத்து, பதினொன்றாவது வரிசையில் அன்றைய தேதிக்கு நேராகச் சைபர் போட்டேன். மரம் கரடுமுரடு, வட்டம் கோணலாக வந்தது. திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாளை இந்தத் தடவை நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே சமையலறை முக்காலியில் உட்காரவைத்தாள். அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். ஒரு சைபரை வைத்துக்கொண்டு எதுவும் போய்விட்டது என்று சொல்ல முடியாது என்றாள். அன்றைக்கு மட்டும் வேறு பக்கம் மேயப் போயிருக்கலாம். ஒரு உயிர் ஒரு இடத்தில் இல்லவே இல்லை என்று முடிவு கட்டுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான காரியமாம். அதே இடம், அதே நேரம், தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை நாள் என்று கேட்டேன். அதற்கு ஒரு கணக்குக் கிடையாது, ஒரு வருஷமாவது பார்க்கலாம் என்றாள். அவள் வருத்தத்தோடுதான் சொன்னாள், எனக்கு வேலை கூடுகிறதே என்று.

நான் தலையை ஆட்டினேன். பிறகு, அவள் போனை எடுத்து உள்ளே போகப் பார்த்தபோது, அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போடச் சொன்னேன். எட்டு மாதமாகக் கேட்க நினைத்துக் கேட்காதது. அவள் போட்டாள். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. அடுப்பைப் பார்த்தேன், அவ்வளவுதான். முடிந்ததும் அவளே இன்னொரு தடவை போட்டாள்.

இப்போது தினமும் போகிறேன். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விடுவேன். காவல்காரர் பழகிவிட்டார், தன் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார், நான் உட்காரமாட்டேன். கொடிகளில் பாதி கிழிந்துவிட்டது. ஐந்தாறு மனையில் அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள். மனை போகாத மூலையில் மழைக்கு மண் அரித்து அடியிலிருந்து பழைய கூழாங்கல் கொஞ்சம் வெளியே தெரிகிறது. அந்த மூலையில் காலைப் பார்த்துத்தான் வைக்கிறேன்.

போன வாரம் காவல்காரர் மனைவி சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். என்னைக் காட்டி அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"அதுவா? தெனம் வரும். யாரோ வரணுமாம், பாத்துகினு நிக்கும்."

பறவைக் கணக்கு எடுக்கிறேன் என்று திருத்தலாம் என்று வாயெடுத்தேன். வாசலில் நின்று வழி பார்க்க வெட்கப்பட்டவளை, இந்த வயதில், வெட்டவெளியில், இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முகம் சூடாகவில்லை. திருத்தவில்லை, அப்படியே நின்றேன். போன் அடித்ததும் தாளை எடுத்துச் சைபர் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதிக்கொண்டு, மதகுப் பக்கம் திரும்பினேன்.